சனிக்கிழமை கடலில் இருப்பவர் பிள்ளையை எப்போது பார்ப்பார்?

வாசகர் கேள்வி: சட்டம்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, பிரிந்து வாழும் பெற்றோரில் பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது என்பதைப் பற்றியவை. நான்கும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருப்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டிருக்கிறோம்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர்: வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் விசைப்படகில் பங்குக்குப் போகிற மீனவன். பத்து மாதங்களுக்கு முன் என் மனைவி எட்டு வயது மகனையும் நான்கு வயது மகளையும் அழைத்துக்கொண்டு தொண்டியிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். பங்குத்தந்தையும் ஊர்ப் பெரியவர்களும் பேசி, மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் தொண்டிக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மூன்று மாதம் தொடர்ந்து என்னால் போக முடியவில்லை. ‘அப்பனுக்கே அக்கறை இல்லை’ என்று சொல்லி இப்போது எந்த நாளிலும் காட்ட மறுக்கிறார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள், விவாகரத்துக் கேட்கும் எண்ணம் இருவருக்கும் இல்லை. காவல் நிலையத்துக்குப் போவதா, கோர்ட்டுக்குப் போவதா? வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை.

பதில்: அந்தத் தாளை எழுதியவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கடற்கரை ஊரில் உட்கார்ந்து, விசைப்படகில் போகிறவருக்குச் சனிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தவர்கள் அதை எப்படி யோசிக்காமல் விட்டார்கள் என்பதுதான் விளங்கவில்லை. உங்கள் சிக்கலில் பாதி மனைவியிடம் இல்லை, அந்தக் கிழமையில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த நீதிமன்றத்துக்குப் போய் எந்த உத்தரவு வாங்கினாலும் அதே கதை திரும்ப நடக்கும்.

காவல் நிலையத்தைப் பொறுத்தவரை, பெற்ற தாயிடம் பிள்ளை இருப்பதைக் கடத்தல் என்று யாரும் வழக்கெழுத மாட்டார்கள். மகளிர் காவல் நிலையத்தில் இருவரையும் அழைத்துப் பேசி இன்னொரு தாள் எழுதி வாங்கக்கூடும்; ஆனால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல்துறைக்கு இல்லை. ஊர்த் தாளும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு உங்கள் மனைவி ஒருமுறை எழுத்தில் சம்மதித்திருக்கிறார் என்பதற்கு அது சான்று.

நீங்கள் போட வேண்டியது பாதுகாவலர் சட்டம், 1890-இன் கீழான மனு; வழக்கறிஞர்கள் பேச்சில், ஆங்கிலப் பெயரைச் சுருக்கி, அது ‘ஜி.டபிள்யூ. ஓ.பி.’. இந்தச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். விவாகரத்து வழக்கு இருந்தால்தான் இதைப் போட முடியும் என்று பலர் நினைப்பது தவறு. பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த இடத்துக்குரிய நீதிமன்றத்தில்தான் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று 9-ஆவது பிரிவு சொல்கிறது. தொண்டி திருவாடானை வட்டத்தில், இதே மாவட்டத்தில் இருப்பதால் உங்களுக்கு அலைச்சல் குறைவு. மனைவி தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ போயிருந்தால் நீங்கள் அங்கே போக வேண்டியிருக்கும். குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கேயும், இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்திலும் இந்த மனு விசாரிக்கப்படும்.

எதைக் கேட்பது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்திலுள்ள விதி. அது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது என்றாலும், நான்கு வயதுப் பெண் குழந்தையின் இளமையை எந்த நீதிபதியும் கணக்கில் எடுத்துக்கொள்வார். மகனுக்கு எட்டு வயது. விவரமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கேட்டறியலாம் என்று பாதுகாவலர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது, பெரும்பாலும் நீதிபதி தம் அறையில் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். அண்ணனையும் தங்கையையும் பிரித்து வைப்பதை நீதிமன்றங்கள் எளிதில் விரும்புவதில்லை. இரவெல்லாம் கடலில் இருக்கும் நீங்கள் இரண்டு பிள்ளைகளையும் முழுப் பொறுப்பாகக் கேட்டு வழக்கை இழுப்பதைவிட, அவர்களை முறையாகப் பார்க்கவும் விடுமுறையில் வீட்டுக்கு அழைத்து வரவும் உரிமை கேட்பதே பலன் தரும் என்பது என் கருத்து. பெற்றோரில் ஒருவரிடம் பிள்ளை இருந்தாலும் மற்றவரின் அன்பும் அருகாமையும் அதற்குக் கிடைக்க வேண்டும் என்றும், நேரில் பார்க்க முடியாதபோது வீடியோ அழைப்பிலாவது பேச வழிசெய்ய வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒரு தீர்ப்பில் வலியுறுத்தியிருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் அதைக் காட்டலாம்.

இப்போது கிழமைக்கு வருவோம். ‘மாதம் ஒருமுறை பார்க்கலாம்’ என்று மொட்டையாக எழுதிய உத்தரவு சண்டையைத்தான் வளர்க்கும். சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை கரை சேர்ந்து, மீனை இறக்கி, வலையைப் பார்த்துவிட்டு நீங்கள் வீடு திரும்ப எத்தனை மணி ஆகும், அங்கிருந்து இராமநாதபுரம் வழியாகத் தொண்டிக்குப் பேருந்தில் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதையெல்லாம் மனுவிலேயே எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு மாலையோ வெள்ளி மாலையோ கேளுங்கள். எந்த இடத்தில் சந்திப்பது, பிள்ளையை யார் கொண்டுவந்து விடுவது, எத்தனை மணிக்குத் திருப்பி ஒப்படைப்பது என்பதும் உத்தரவில் இருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக் கோடை விடுமுறையும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் வருகிறது. வேறு பல தொழில்களில் இருக்கும் அப்பாக்களுக்கு இப்படி வாய்ப்பதில்லை. அந்த விடுமுறையில் பாதியைப் பிள்ளைகள் உங்கள் வீட்டில் கழிக்க வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள். காற்று எச்சரிக்கையாலோ, இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டதாலோ ஒரு சந்திப்பு தவறினால் அதற்கு மாற்று நாள் உண்டு என்றும், நீங்கள் வர முடியாத நாளில் உங்கள் தாயார் வந்து பார்க்கலாம் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

‘அக்கறை இல்லை’ என்ற பேச்சுக்கும் உங்களிடம் பதில் இருக்கிறது. அந்த மூன்று சனிக்கிழமைகளிலும் உங்கள் படகு கடலுக்குப் போக மீன்வளத்துறையில் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கும். படகு உரிமையாளரிடம் கேட்டு அந்த விவரத்தை எடுத்து வையுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, கோயிலில் பதிந்த திருமணச் சான்று, பள்ளிக் கட்டணம் கட்டியிருந்தால் அதன் ரசீது, ஊர்த் தாள், செல்போனில் வந்த செய்திகள் ஆகியவையும் வேண்டும். முதன்மை மனு முடிய மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே அதோடு சேர்த்து, அதே பாதுகாவலர் சட்டத்தின் 12-ஆவது பிரிவின் கீழ் இடைக்காலத்தில் பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கேட்கும் மனுவையும் அன்றே போட்டுவிடுங்கள்.

பணம் இல்லை என்கிறீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன்படி, அரசு விதித்த வருமான வரம்புக்குள் இருக்கும் ஆண்களுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த வரம்பே இல்லை. வருமானத்துக்கு நீங்கள் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தையே போதுமான சான்றாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. இராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ, இராமேஸ்வரம், திருவாடானை போன்ற வட்ட நீதிமன்றங்களில் இயங்கும் வட்டச் சட்டப்பணிகள் குழுவிலோ மனுக் கொடுக்கலாம். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம். வழக்குக்கு முன்பே சமரசம் பேசவும் அங்கே ஏற்பாடு உண்டு. விவாகரத்து வேண்டாம் என்று இருவரும் நினைக்கும் உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

பெரியபட்டினத்திலிருந்து ஒரு வாசகி: கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். கீழக்கரையில் மாமியார் வீட்டில் அடி, ஏச்சு தாங்காமல் நான் உம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆறு வயது மகனை அவர்கள் அனுப்பவில்லை. போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். ஜமாஅத்தில் சொல்லியிருக்கிறேன், ‘மாப்பிள்ளை ஊருக்கு வரட்டும்’ என்கிறார்கள். அவர் வர இன்னும் ஓராண்டு ஆகும். என்ன செய்வது?

பதில்: சகோதரி, ஓராண்டு காத்திருக்க வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது மிக நீண்ட காலம். அதற்குள் அவன் புதிய வழக்கத்துக்குப் பழகிவிட்டால், ‘இப்போது இடம் மாற்றினால் பிள்ளை கலங்கும்’ என்பதையே எதிர்த்தரப்பு வாதமாக வைக்கும்.

உங்களுக்கு வருமானக் கணக்கு எதுவும் தேவையில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்கறிஞர் கட்டணம் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணமும் மனு தயாரிக்கும் செலவும் அதில் அடங்கும்.

அடி, ஏச்சு என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு விரைவான வழி ஒன்று இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன்கீழ் குற்றவியல் நடுவரிடம் மனுக் கொடுத்து, 21-ஆவது பிரிவின்படி மகனைத் தற்காலிகமாக உங்களிடம் ஒப்படைக்கக் கேட்கலாம். இதற்கு மாவட்டச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் உதவ வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசினால் அவரிடம் சேர்த்துவிடுவார்கள். தாயும் வெளிநாட்டிலுள்ள தந்தையும் இருக்க, தாத்தா பாட்டி பிள்ளையைத் தாயிடமிருந்து மறைத்து வைப்பதால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் மனு, போடுவதும் யோசிக்கத் தக்கது. சட்டப்படி பொறுப்பில்லாதவரிடம் பிள்ளை இருக்கும்போது பெற்றவர் இம்மனுவைப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியிருக்கிறது. ஆனால் விரிவான சாட்சி விசாரணை தேவைப்படும் வழக்கென்று தெரிந்தால் கீழ் நீதிமன்றத்துக்கே போகச் சொல்லிவிடுவார்கள். எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஆவணங்களைப் பார்த்த வழக்கறிஞர்தான் சொல்ல முடியும்.

ஜமாஅத்தில் மீண்டும் பேசுவதானால் ஒன்றை நினைவூட்டுங்கள். இஸ்லாமியச் சட்ட முறைகளில் ஒன்றான ஹனஃபி முறைப்படி மகனுக்கு ஏழு வயது ஆகும்வரை வளர்க்கும் உரிமை தாயுடையது. உங்கள் கடற்கரையில் பலர் பின்பற்றும் ஷாஃபி முறையிலும் விவரமறியும் வயதுவரை பிள்ளை தாயிடம்தான், அதன்பின் பிள்ளையின் விருப்பம் கேட்கப்படும். மாப்பிள்ளை ஊருக்கு வரும்வரை தாயிடம் பிள்ளையைக் காட்டாமல் இருக்கலாம் என்று எந்த முறையும் சொல்லவில்லை. நீதிமன்றம் அந்தந்த மதத்துக்குரிய தனிச்சட்டத்தைப் பார்க்கும் என்றாலும் இறுதியில் பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொள்ளும்.

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி: கடற்பாசி எடுத்துப் பிழைக்கிறேன். மகள் என்னிடம்தான். இரண்டாம் ஞாயிறு அப்பா பார்க்கலாம் என்று கோர்ட் உத்தரவு. ஆனால் மாதம் தர வேண்டிய ஜீவனாம்சத்தை ஏழு மாதமாக அவர் தரவில்லை. பணம் தரும்வரை மகளைக் காட்ட மாட்டேன் என்று சொல்லலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். பார்ப்பதற்கான உத்தரவு வேறு, பணத்துக்கான உத்தரவு வேறு. ஒன்றை அவர் மீறினார் என்று மற்றதை நீங்கள் மீறினால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நீங்களாகிவிடுவீர்கள். ஜீவனாம்ச உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் வந்ததா, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-இல் வந்ததா என்று பாருங்கள். எதுவானாலும், பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்கலாம். தராத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறையும் விதிக்க முடியும். பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்பதால் இன்னும் ஐந்து மாதம் கழிவதற்குள் போங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகி: பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்குக்கு இலவசச் சட்ட உதவியில் எனக்குக் கொடுத்த வழக்கறிஞர் ‘செலவுக்கு’ என்று இரண்டு முறை பணம் வாங்கிவிட்டார். கேட்டால் வழக்கைக் கெடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அவர் வாங்கக் கூடாது. பேனல் வழக்கறிஞருக்கு, அதாவது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ளவருக்கு, ஆணைக்குழுவே கட்டணம் கொடுக்கிறது. உதவி பெறுபவரிடம் எந்தப் பெயரிலும் பணம் கேட்பதற்கு விதிகளில் தடை இருக்கிறது. மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி, செயலாளரும் நீதித்துறையைச் சேர்ந்தவரே. செயலாளரிடம் தேதியும் தொகையும் குறித்து எழுத்தில் புகார் கொடுங்கள். அதே மனுவில் வேறு வழக்கறிஞரை நியமிக்கவும் கேளுங்கள். அடுத்த வாய்தா தேதியை மட்டும் மறக்காமல் அதில் எழுதுங்கள், புதியவர் அன்று வந்து நிற்க வேண்டும்.