முதியோர் இல்லத்தில் ஃபார்மசிஸ்ட்டுக்கு என்ன ஆராய்ச்சி?

கோத்தகிரி அம்மாவுக்கு வணக்கம்.

ஃபார்ம்.டி என்கிற மருந்தாளுநர் படிப்பை ஆறு வருஷம் படிக்க வைத்தாயிற்று, இன்னும் பிஎச்.டியா, அதுவும் முதியோர் இல்லத்தில் உட்கார்ந்து மாத்திரை எண்ணவா என்று கேட்டீர்கள். மகளுக்கு 25 முடியப்போகிறது, வரன் வேறு வந்துகொண்டிருக்கிறது என்றீர்கள். போனில் நிதானமாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாத்திரை எண்ணுவது என்றீர்களே, அதிலிருந்தே வருகிறேன். போன மார்கழியில் ஒரு மாணவியோடு குன்னூர்ப் பக்கம் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். உறைபனிக் காலம். சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் ஒவ்வொருவருடைய மாத்திரை அட்டைகளும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரு பாட்டியின் கட்டைப் பிரித்தோம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வந்த அம்லோடிபின் ஒரு அட்டை. மகன் கோயம்புத்தூரில் காட்டிய டாக்டர் எழுதிய மாத்திரை இன்னொரு அட்டை, பிராண்டுப் பெயர் வேறு. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் அதுவும் அம்லோடிபின்தான். பிரஷருக்கு ஒரே மருந்தைத் தினமும் இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்கள். பாட்டிக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. வயசாகிவிட்டது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அதே டின்னில் குளிருக்கு என்று பொதுவாக வாங்கி வைத்த சளி மாத்திரையும் கிடந்தது. அதில் குளோர்பெனிரமின் இருக்கிறது. இளவயதுக்காரர்களுக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான். வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும், இரவில் எழுந்து விழுவார்கள். பக்கத்து அறைத் தாத்தாவுக்கு விழுங்க முடியவில்லை என்று ஆயாம்மா சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மாத்திரையை டம்ளர் அடியால் நசுக்கிக் கஞ்சியில் கலந்தார். அன்போடுதான் செய்தார். மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நர்ஸ் வாரத்துக்கு ஒரு நாள் வருவார், டாக்டர் கூப்பிட்டால் வருவார். எல்லா அட்டையையும் ஒன்றாகப் பரப்பி வைத்துப் பார்க்கும் ஆள்தான் அங்கே இல்லை.

உங்கள் மகள் படித்திருப்பது அந்த வேலைக்குத்தான் அம்மா.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 55 இல்லங்களில் 256 முதியவர்களைப் பார்த்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒருவருக்குச் சராசரியாக எட்டு மருந்து. பத்தில் ஏழு பேருக்குக் குறைந்தது ஒரு தவறாவது நடந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பைப் பற்றி ராயல் கமிஷன் என்கிற உயர்மட்ட விசாரணைக் குழுவே அமைத்து விசாரித்தார்கள், 2021-ல் இறுதி அறிக்கை வந்தது. 2024 ஜூலையிலிருந்து இல்லத்துக்குள்ளேயே ஃபார்மசிஸ்ட் இருப்பதற்கு அரசே பணம் தருகிறது, 250 படுக்கைக்கு ஒரு முழுநேர ஆள் என்ற கணக்கில். ஃபார்மசிஸ்ட் உள்ளே இருந்தால் மருந்துச் சீட்டு திருந்துகிறதா என்று பல்கலைக்கழகங்கள் இல்லம் இல்லமாகப் போய்ச் சோதித்த பிறகு வந்த திட்டம் அது. ஆராய்ச்சியால் ஒரு வேலையே உருவாகும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது கசப்பான பக்கம். நம் நாட்டில் ‘முதியோர் இல்ல ஃபார்மசிஸ்ட்’ என்று சம்பளத்தோடு ஒரு பதவி இன்று கிடையாது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது வேண்டும் என்று சொல்கிற 2007-ம் ஆண்டுச் சட்டத்திலும் மருந்தாளுநர் பேச்சே இல்லை. பிஎச்.டி முடித்தால் கைக்கு எட்டுவது கல்லூரி ஆசிரியர் வேலை, பெரிய மருத்துவமனைகளில் கிளினிகல் ஃபார்மசி (வார்டிலேயே நோயாளியின் மருந்துகளைச் சரிபார்க்கும் வேலை), மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, இவைதான். வெளிநாட்டுக் கனவு இருந்தால் இதையும் சொல்லிவிடுங்கள்: பிஎச்.டி பட்டம் அங்கே ஃபார்மசிஸ்ட்டாகப் பதிவு வாங்கித் தராது. அதற்குத் தனித் தேர்வு எழுத வேண்டும், மேற்பார்வையில் பயிற்சி முடிக்க வேண்டும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

எம்.ஃபார்ம் என்கிற முதுநிலைப் படிப்பைப் படித்துவிட்டு வா என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஃபார்ம்.டி முடித்தவர் நேராகப் பிஎச்.டியில் சேரலாம். குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருஷம் கிடைக்கும், பேறுகால, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. ஆகவே கல்யாணமா படிப்பா என்று வீட்டில் சண்டை வேண்டாம். வரன் வீட்டாரிடம் இதை முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பணத்துக்கு, மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல் கைக்காசைப் போட்டுச் சேர்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவசரம் கூடாது. மருந்து நோயாளிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்கும் ஃபார்மசி பிராக்டிஸ் துறையில், வார்டில் நோயாளிகளோடு வேலை செய்தவராக இருக்க வேண்டும். ஊட்டியிலேயே ஜே.எஸ்.எஸ். ஃபார்மசி கல்லூரியில் அந்தத் துறை இருக்கிறது, அங்கிருந்து விசாரிக்கத் தொடங்கலாம். லேப் ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இந்தத் தலைப்புக்கு ஒத்துவராது.

அப்புறம், உங்கள் மகளுக்காக ஒன்று. ‘ஃபார்மசிஸ்ட் சேவையின் தாக்கம்’ என்று அவள் எழுதி அனுப்பிய தலைப்பு ரொம்ப அகலம். நீலகிரியில் நான் பார்த்த இல்லங்கள் எல்லாம் சின்னவை, இருபது முப்பது பேர் இருப்பார்கள். இங்கே மட்டும் ஆய்வு செய்தால் எண்ணிக்கை போதாது. மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் இல்லங்களையும் சேர்க்க வேண்டிவரும். எதை அளக்கப்போகிறாள் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். பிரிட்டனில் 876 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் ஃபார்மசிஸ்ட் வந்ததால் கீழே விழுவது குறையவில்லை. ஆனால் மயக்கம் தரும் மருந்துச் சுமை குறைந்தது. கீழே விழுவதை மட்டும் எண்ணியிருந்தால் அந்தப் பலன் கண்ணில் பட்டிருக்காது. மறதி நோய் உள்ளவர்களிடம் சம்மதம் வாங்குவது எப்படி என்று நெறிமுறைக் குழு கட்டாயம் கேட்கும். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். கையெழுத்துக்கே மாதங்கள் ஓடும்.

அதனால் விண்ணப்பத்தை இப்போதைக்கு ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். முதலில் ஏதாவது ஓர் இல்லத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு மாதம் போய்வரட்டும். காலை மாத்திரை கொடுக்கும் நேரத்தில் ஆயாம்மா பக்கத்தில் நின்று, யாருக்கு என்ன, எப்போது, எதோடு கொடுக்கிறார்கள் என்று பெயர் போடாமல் எழுதட்டும். முப்பது நாளும் போக மனசு இருந்தால் மூன்று வருஷமும் இருக்கும். பத்தாம் நாளே சலித்தால் ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பிக்கலாம், அதிலும் தப்பில்லை.

மாத முடிவில் அந்த நோட்டோடு இரண்டு பேரும் வாருங்கள். தலைப்பை அதிலிருந்து எடுப்போம்.