முதலில் எந்த வீடு?

கடற்கரை ஊர்களில் புற்றுநோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களின் கேள்விகளுக்கு, வலி நிவாரண சிகிச்சைக்காக வீடு வீடாகப் போகும் செவிலியர் ஒருவரின் பதில்கள்.

அக்கா, மாமியாருக்குப் புண் கட்டு மாற்றக் கூப்பிட்டோம். மறுநாள்தான் வந்தீர்கள். எந்தக் கணக்கில் வீடுகளைப் பிரிக்கிறீர்கள்? (தங்கச்சிமடம்)

கோபம் நியாயம்தான் தங்கச்சி. ஊர் வரிசையில் போனால் டீசல் மிச்சம், ஆனால் வலி ஊர் வரிசையில் வருவதில்லையே. காலையில் வண்டி கிளம்புமுன் போனில் கேட்டுவிடுவேன்: ராத்திரி தூங்கினாரா, மூச்சு வாங்குகிறதா, வாந்தி நின்றதா, மாத்திரை எத்தனை பாக்கி? தூங்கவிடாத வலி, மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி, இன்றோடு மாத்திரை தீருகிற வீடு, இவை முதலில். பார்த்துக்கொள்ள ஆளில்லாதவரும் இதில் சேர்த்தி. அன்று மண்டபத்தில் ஒரு பெரியவர், முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றுக்குப் போகாமல் அடிவயிறு பானையாக இறுகிக் கிடந்தார். டியூப் போட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார். உங்கள் வீட்டுக் கட்டு ஒரு நாள் பொறுக்கும்.

ஆனால் ஒன்று: முதுகுவலியோடு கால் திடீரென்று மரத்துப்போனாலோ பலமிழந்தாலோ எனக்காகக் காத்திருக்க வேண்டாம். தண்டுவடம் அழுந்துவதாக இருக்கலாம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அப்பாவுக்கு மார்பின் (morphine) என்ற வலி மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அது கடைசி மருந்து, அடிமையாகிவிடுவார் என்கிறார் சித்தப்பா. (தேவிபட்டினம்)

சித்தப்பாவை ஒரு ராத்திரி அப்பா பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள் தம்பி. டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. வலிக்காகச் சாப்பிடுவதும் போதைக்காகச் சாப்பிடுவதும் வேறு வேறு. மெதுவாகக் கரையும் வகையாக இல்லாமல் சாதாரண மார்பின் மாத்திரை என்றால் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வரட்டும் என்று காத்திராமல். மலச்சிக்கல் அநேகமாக வரும், அதனால் மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுங்கள். தட்டினாலும் எழுப்ப முடியாத மயக்கம் என்றால் உடனே கூப்பிடுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

மார்பில் புண், நாற்றம். பேரப்பிள்ளைகள் கிட்டே வருவதில்லை. (ஏர்வாடி)

அந்த அம்மாவுக்கு வலியைவிட இதுதான் பெரிது. காய்ந்த துணியைப் பிய்க்காதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு கரைத்து, நனைத்து ஊறவிட்டால் தானாக வரும். நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையை மாவாகப் பொடித்துப் புண்மேல் தூவச் சொல்வோம். உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில நாளில் நாற்றம் அடங்கும்.

பதிவு செய்ய எங்கே போவது? (தொண்டி)

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் இந்த வலி நிவாரண சிகிச்சையும் உண்டு.

மூச்சு வாங்குகிறது, ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கவா? (மூக்கையூர்)

விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்ஸிஜன் அளவு சரியாக இருந்தால் சிலிண்டரால் பெரிய பலனில்லை. தலையணை அண்டக்கொடுத்துச் சாய்த்து உட்கார வையுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அப்புறம் பனையோலை விசிறியால் நேராக முகத்தில், மூக்கு கன்னம் பக்கம், மெதுவாக வீசுங்கள். முகத்தில் காற்று பட்டாலே திணறல் தணியும். கரண்ட் போனாலும் கவலையில்லை.