கோவா வேர் வீங்கினால் பசளையைக் கூட்டாதீர்கள்

கேள்வி: ஹட்டன் பக்கம், லயன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பேர்ச் (சுமார் 272 சதுர அடி) அளவில் மரக்கறித் தோட்டம். முன்பு தேயிலை நின்ற மண். கோவா (முட்டைக்கோஸ்) உச்சி வெயிலில் வாடி, பொழுது சாயும்போது நிமிர்கிறது. பிடுங்கினால் வேர் விரல் விரலாகத் தடித்திருக்கிறது. கோழி எரு, யூரியா போட்டும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இது வேர் வீக்க நோய். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி வேருக்குள் புகுந்து அதைத் தடிக்க வைக்கிறது. தடித்த வேரால் வெயில் நேரத்துக்குப் போதுமான தண்ணீரை ஏற்ற முடியாது. அதனால்தான் அந்த வாட்டம். மணி மணியாகச் சிறு முடிச்சுகள் இருந்தால் மட்டும் வட்டப்புழுவை (வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு புழு) சந்தேகியுங்கள்.

தேயிலை நின்ற மண் அமிலமானது. இந்தக் கிருமிக்கு அமிலமும் ஈரமும் நன்றாகப் பிடிக்கும். யூரியா நாளடைவில் அமிலத்தை இன்னும் கூட்டும். ஆகவே முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஐந்தாறு இடங்களில் 6 அங்குல ஆழத்து மண்ணெடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி பிஎச் அளவைக் கேளுங்கள். இந்த அளவு குறையக் குறைய மண்ணில் அமிலம் அதிகம். 5-க்குக் கிட்ட இருந்தால் ஒரு பேர்ச்சுக்கு 3 முதல் 5 கிலோ டொலமைட் (அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) தூவி, கொத்திக் கலந்துவிடுங்கள். டொலமைட் மெதுவாகத்தான் வேலை செய்யும். நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே போட வேண்டும். எருவையும் யூரியாவையும் அதோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டு வாரம் கழித்து மக்கிய கூட்டெரு 25 முதல் 50 கிலோ இடுங்கள்.

பெரும்பாலான மரக்கறிக்கு பிஎச் 6 – 6.5 போதும். இந்த நோயை அடக்க 7-க்குச் சற்று மேலே போக வேண்டும். அதை ஒரே தடவையில் எட்டப் பார்க்காமல், போகத்துக்குப் போகம் அளந்து பார்த்துப் போடுங்கள். உருளைக்கிழங்கு போடும் பாத்தியில் அவ்வளவு ஏற்றவே வேண்டாம், கிழங்கில் சொறி விழும்.

டொலமைட் மட்டும் போதாது. கிருமியின் வித்துகள் பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். மூன்று நான்கு வருடமாவது அந்தப் பாத்தியில் கோவா, நோக்கோல், முள்ளங்கி, பூக்கோவா, கடுகு எதுவும் வேண்டாம். களையாக முளைக்கும் கடுகையும் விடாதீர்கள். போஞ்சி, கரட், லீக்ஸ் தாராளமாகப் போடலாம். போஞ்சி வேரில் சின்ன உருண்டைகளைக் கண்டால் பயப்படாதீர்கள். விரலால் தேய்த்தால் கழன்றுவிடும் அவை தழைச்சத்து சேர்க்கும் நல்ல முடிச்சுகள்.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காக, 8 அங்குலம் உயர்த்திப் போடுங்கள். தண்ணீர் தேங்கினால் கிருமி நீந்தியே அடுத்த வேருக்குப் போகும். கான் (வடிகால்) வெட்டும்போது அந்தத் தண்ணீர் கீழ் வீட்டுத் தோட்டத்தில் விழாமல் புல்வரம்பில் இறங்கும்படி திருப்பிவிடுங்கள். நோய்ப்பட்ட செடியை வேர் அழுகும் முன்பே தோண்டியெடுத்து, காய வைத்து எரியுங்கள். கூட்டெருக் குழியில் போடவே கூடாது. அந்தப் பாத்தியைக் கொத்திய மண்வெட்டியைக் கழுவிய பிறகே அடுத்த பாத்திக்குக் கொண்டுபோங்கள்.