மலைப்பாதையில் குடும்ப வண்டி: சீட், பெல்ட், கியர் (கேள்வி பதில்)

கோத்தகிரியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். சீசன் தொடங்குமுன் நம் மலைக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில். சொந்த வண்டியில் எப்படி உட்காருவது, குடும்பத்தை எப்படி உட்கார வைப்பது, எப்படிப் பத்திரமாக ஏறி இறங்குவது, இவைதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

கேத்தியிலிருந்து ஓர் ஆசிரியை: மாஸ்டர், என் உயரம் 4 அடி 10 அங்குலம். சீட்டை முன்னால் இழுத்தால் ஸ்டியரிங் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. பின்னால் தள்ளினால் கிளட்ச் முழுதாக இறங்கவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டுகிறேன். சரிதானா?

டீச்சர், முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது பின்னால் இருக்கிற மெத்தை அமுங்கும், உடம்பு பின்னால் போகும், பெடலுக்குப் போகவேண்டிய பலம் அங்கே வீணாகும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நான் சொல்கிற வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெடும்.

இடுப்பு சீட்டின் மூலையில் ஒட்டுகிற மாதிரி நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள். அடுத்து உயரம். பக்கவாட்டில் லீவர் இருந்தால், தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முஷ்டி நுழையும் அளவுக்குச் சீட்டை ஏற்றுங்கள். உயரம் குறைந்தவர்கள் பலர் சீட்டை ஏற்றாமல் முன்னால் மட்டும் இழுக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் பானெட்டுக்கு அப்பால் ரோட்டின் ஓரம் தெரியவேண்டும் என்றால் உயரம் வேண்டும். லீவர் இல்லாத வண்டியில் கெட்டியான, நழுவாத, மெல்லிய சீட் குஷன் போடலாம். சோபா தலையணை கூடாது. அதன்மேல் உட்கார்ந்தால் மோதலில் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போவீர்கள்.

அப்புறம் முன் பின் நகர்த்தல். கிளட்ச்சைத் தரை வரை மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கையும் முழு பலத்தோடு ஒருமுறை மிதித்துப் பாருங்கள். பிறகு சாய்வு: தோள் சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். ஸ்டியரிங்கின் நடுவுக்கும் நெஞ்செலும்புக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், ஏனென்றால் ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. உங்கள் உயரத்துக்கு அது கிடைக்காவிட்டால் முதுகுச் சாய்வைக் கொஞ்சம் கூட்டி, ஸ்டியரிங்கைக் கீழே இறக்குங்கள். அது முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கட்டும். ஹெட்ரெஸ்ட், பெல்ட், கண்ணாடிகள் கடைசியில்.

ஒவ்வொரு முறை சீட்டை நகர்த்திய பிறகும் ‘டக்’ என்று பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டதா என்று கவனியுங்கள். உடம்பை முன்னும் பின்னும் உலுக்கிப் பாருங்கள். பாதி பூட்டிய சீட் ஏற்றத்தில் பின்னால் ஓடிவிடும், கால் பெடலை விட்டுப் போகும். ஓடும் வண்டியில் சீட்டை நகர்த்தவே கூடாது.

கிளம்புமுன் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பார்வை. நம் நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அதனால் வீட்டுக்கு வீடு ஸ்டீல் பாட்டில். நல்ல விஷயம். ஆனால் இறக்கத்தில் அது உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் பெடல் இறங்காது. பாட்டிலுக்கு இடம் கதவுப் பை.

குன்னூரிலிருந்து ஒரு தாய்: குழந்தைக்கு ஒரு வயது. முன் சீட்டில் என் மடியில் வைத்துக்கொள்வதுதான் பத்திரம் என்கிறார் மாமியார்.

அம்மா, மாமியாரின் அக்கறை புரிகிறது. ஆனால் மோதலில் உங்கள் கைகளால் குழந்தையைப் பிடித்துவைக்க முடியாது. 10 கிலோ குழந்தை அந்த நொடியில் சில நூறு கிலோவாக இழுக்கும். அதோடு முன் சீட்டில் ஏர்பேக் விரிந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது குழந்தை.

பின் சீட்டில் குழந்தை இருக்கை போடுங்கள். இந்த வயதுக்குப் பின்னோக்கிப் பார்க்கிற வகை வேண்டும், குறைந்தது 15 மாதம் வரை. முன்னோக்கித் திருப்ப அவசரப்படாதீர்கள். பின்னோக்கிய இருக்கையை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. வண்டியில் ஐசோபிக்ஸ் கொக்கி (குழந்தை இருக்கையை மாட்டுவதற்கென்றே சீட்டில் இருக்கும் கொக்கி) இருந்தால் அதில் பூட்டுங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனால் 1000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. எனக்கு அந்த 1000 ரூபாய் முக்கியமில்லை, பிள்ளைதான் முக்கியம்.

நம் ஊர்க் குளிருக்காக இன்னொன்று. குழந்தைக்குத் தடித்த ஜாக்கெட் போட்டு அதன்மேல் பெல்ட் கட்டாதீர்கள். இறுக்கமாகத் தெரியும், மோதலில் ஜாக்கெட் அமுங்கி, பெல்ட் தொளதொளத்துவிடும். பெல்ட்டை முதலில் உடம்போடு கட்டி, ஸ்வெட்டரையோ சால்வையையோ மேலே போர்த்துங்கள். பெரியவர்களுக்கும் இதே விதி.

சென்னையிலிருந்து வருகிறோம், இ-பாஸ் கட்டாயமா?

2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. இன்றைய விதிமுறையை மாவட்ட நிர்வாகத்தின் இ-பாஸ் இணையதளத்தில் பாருங்கள்.

அருவங்காட்டிலிருந்து: அம்மாவுக்கு வாந்தி வரும். முன் சீட்டை முழுக்கச் சாய்த்துப் படுக்க வைத்து இறங்கலாமா?

வேண்டாம். படுத்தால் தோள் பெல்ட் உடம்பை விட்டு விலகிவிடும், மோதலில் உடம்பு அடியில் வழுக்கும், இடுப்புப் பட்டை வயிற்றை அழுத்தும். நிமிர்ந்து உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பார்க்கட்டும், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். நீங்கள் வளைவுக்குள் போய் பிரேக் போடாமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்புங்கள். வாந்தி வருவதும் வராததும் பாதி டிரைவரின் மிதிப்பில் இருக்கிறது. வாந்தி மாத்திரை பலருக்கும் தூக்கம் வரவழைக்கும், ஓட்டுபவர் போடக் கூடாது.

மஞ்சூரிலிருந்து, லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் ஐயா: இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் இறங்கினோம். ஒன்றும் ஆகவில்லை.

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் இதை இளைஞர்கள் படிக்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 சொச்சம். நடுவே உயரத்தில் மட்டும் ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம். ஆட்களோடும் பெட்டிகளோடும் ஒன்றரை டன் எடையுள்ள குடும்ப வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளியாகிற சக்தி, ஐந்து குடம் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். நியூட்ரல் போட்டால் எஞ்சின் ஒதுங்கிக்கொள்கிறது, அத்தனை சூடும் நான்கு சக்கரத்து பிரேக்கில். பிரேக் பேடு சூடேறினால் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில், புதிதாக இருந்தால், 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். காற்றிலிருந்து ஈரம் குடித்த பழைய ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். அதனால்தான் பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன.

அதே ஐயா: நான் டீசல் பற்றிக் கேட்டேன்.

சொல்கிறேன். கம்ப்யூட்டர் அளந்து எரிபொருளைப் பீய்ச்சுகிற இன்றைய இஞ்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் எரிபொருளையே நிறுத்திவிடுகிறது. எஞ்சினைச் சுற்றுவது சக்கரம். நியூட்ரலில் போனால் எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் ஊற்றியாக வேண்டும். ஆக, கியரில் இறங்குவதுதான் சிக்கனம்.

கட்டபெட்டிலிருந்து ஒரு தம்பி: ஐயா சொல்வதும் சரி. அப்போது எங்கள் அப்பாவின் ஜீப்பில் கார்புரேட்டர்தானே?

கார்புரேட்டர் (கம்ப்யூட்டர் இல்லாமல் பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற பழைய கருவி) வண்டியில் நியூட்ரலால் கொஞ்சம் மிச்சமாகியிருக்கலாம். பிரேக்கின் சூடு அன்றும் அதேதான். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகள் அந்த வழியாக ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்க அனுமதி இல்லை. அங்கே நடந்த விபத்துகளால்தான் அந்தத் தடை வந்தது.

மஞ்சூர் ஐயா: எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் பிரேக் பூஸ்டர் வேலை செய்யுமே? ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பூஸ்டர் வேலை செய்யும், மறுக்கவில்லை. பூஸ்டர் உங்கள் காலின் பலத்தைப் பெருக்கித் தரும், பிரேக்கின் சூட்டைக் குறைக்காது. வேகம் ஏறிய பிறகு, பிரேக் பிடிக்காத நேரத்தில், நியூட்ரலிலிருந்து இரண்டாம் கியருக்குத் தள்ளிப் பாருங்கள். விழாது. பயமுறுத்தத்தான் செய்கிறேன் ஐயா. இந்த ஒரு விஷயத்தில் பயம் இருக்கட்டும்.

கூடலூரிலிருந்து: அப்படியானால் எந்தக் கியர்?

எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கை நெடுக மிதித்தபடி போகாமல், அழுத்தமாகப் போட்டு வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் எல் அல்லது 2 (தாழ்ந்த கியர் நிலைகள்), மேனுவல் நிலை, எது இருக்கிறதோ அது. வழக்கமாக ஓட்டுகிற டி நிலை மட்டும் போதாது.

ஊட்டியிலிருந்து: நியூட்ரலில் இறங்கினால் மைலேஜ் கூடுமா மாஸ்டர்?

மேலே மஞ்சூர் ஐயாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பர்லியாறில் வந்தபோது முன் சக்கரத்தில் புகை. தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வளையும் அல்லது விரியும். அகலமான இடத்தில் ஒதுங்கி, கியரில் விட்டு, டயருக்குக் கல் வைத்து ஆறவிடுங்கள். அரை மணி நேரம் போகட்டும். பிறகு நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாக இருக்கிறதா என்று மிதித்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் ஓட்டவேண்டாம், மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

நியூட்ரல் + இக்னிஷன் ஆஃப் செய்து இறங்குகிறார் என் நண்பர்...

அவர் வண்டியில் ஏறாதீர்கள். பூஸ்டர் இரண்டு மூன்று மிதிப்புக்குப் பிறகு போய்விடும், பவர் ஸ்டியரிங்கும் இருக்காது, சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரல் பற்றி இதற்குமேல் பதில் சொல்லப்போவதில்லை, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கோத்தகிரியிலிருந்து: ஏழு சீட் வண்டி. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் போகிறோம். யாரை எங்கே உட்கார வைப்பது?

நல்ல கேள்வி. தாத்தா பாட்டிக்கு நடு வரிசை. ஏறி இறங்கவும் எளிது, ஆட்டமும் குறைவு. கடைசி வரிசைக்குப் பெரிய பிள்ளைகள். அவர்கள் ஏறிய பிறகு, மடக்கித் திருப்பிய நடு சீட் சரியாகப் பூட்டியதா என்று இறங்கி நின்று இழுத்துப் பாருங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பூட்டாத நடு சீட், சட்டென்று பிரேக் போட்டால் ஆட்களோடு முன்னால் கவிழும். கடைசி வரிசை ஹெட்ரெஸ்ட் பெரும்பாலும் அடியோடு இறக்கி வைத்திருப்பார்கள், தலையின் உச்சி மட்டத்துக்கு ஏற்றுங்கள். அவர்கள் தலைக்குப் பின்னால் பெட்டிகளை அடுக்காதீர்கள். கூரையில் கனமான மூட்டை கட்டினால் வளைவில் வண்டி அதிகம் சாயும். உருளைக்கிழங்கு மூட்டை கீழே, உள்ளே, நடுவில்.

ஸ்டீல் பாட்டில் ஏழு பேருக்கு ஏழு இருக்கும். எதுவும் தரையில் வேண்டாம்.

கொண்டை போட்டால் ஹெட்ரெஸ்ட் இடிக்கிறது. கழற்றிவிட்டேன்.

திரும்ப மாட்டுங்கள் அம்மா. பின்னாலிருந்து மோதினால் கழுத்தைக் காப்பது அதுதான். ஓட்டும்போது கொண்டையைத் தாழ்வாக முடியுங்கள் அல்லது ஜடை போடுங்கள். தலைக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் இடைவெளி நாலைந்து சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

எஸ்டேட்டிலிருந்து: கம்பூட்ஸ் போட்டு ஓட்டலாமா?

கூடாது. அகலம் அதிகம், இரண்டு பெடல் சேர்ந்து மிதிபடும். ஈரச் சேறு வழுக்கும்.

எந்த வண்டி வாங்கலாம்?

அதற்கு ஆளை விடுங்கள். வாங்கப்போகும் வண்டியில் டீச்சருக்குச் சொன்ன வரிசைப்படி உட்கார்ந்து பாருங்கள், உங்கள் உடம்புக்கு அமையாத வண்டியை விட்டுவிடுங்கள்.

எலெக்ட்ரிக் கார். ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் செய்து இறங்குவது நல்லதுதானே?

இல்லை. இறங்கும்போது மோட்டார்தான் பிரேக்காக வேலை செய்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை, மோட்டாரின் பிடிப்பு குறைந்து முழு வேலையும் சாதா பிரேக்குக்குப் போகும். 80, 85 சதவீதத்தோடு கிளம்புங்கள். சார்ஜும் ஏறிக்கொண்டே வரும்.

எங்கள் வீடு சரிவில். ராத்திரி ஹேண்ட்பிரேக் மட்டும் போட்டு விடுகிறேன். போதுமா?

போதாது. மேடு நோக்கி நின்றால் முதல் கியர், பள்ளம் நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியர். வண்டி உருண்டால் மலைப்பக்கச் சுவரிலோ ஓரக் கல்லிலோ முட்டி நிற்கும்படி முன் சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். பி (பார்க்கிங் நிலை) உள்ள ஆட்டோமேட்டிக்கில் முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு பி. ஏஎம்டியில் (சாதா கியர்பாக்ஸையே தானாக மாற்றுகிற வகை) பெரும்பாலும் பி கிடையாது, கியரில் விட்டுத்தான் அணைக்க வேண்டும். டயருக்குக் கல் வைத்தால் இன்னும் நல்லது. காலையில் கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டில் விட்டுப் போகாதீர்கள், பனிமூட்டத்தில் பைக்காரருக்குத் தெரியாது.