கேளுங்கள் சொல்கிறேன்: வெந்நீரும் வேண்டும், கணினியும் வேண்டும்

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் வெப்பவியலுக்கென்று இருப்பது கலோரிமீட்டரும் வெப்பநிலைமானியும்தான். மெய்நிகர் ஆய்வக மென்பொருளை வைத்தே வெப்ப இயக்கவியலை நடத்தி முடித்துவிடலாமா?
- ஓர் ஆசிரியை, தென்காசி

பதில்: கூடாது டீச்சர். கலோரிமீட்டர் இருக்கிறது என்கிறீர்கள். அதைப் பூட்டி வைத்துவிட்டுக் குளிர்வு வளைகோட்டைத் திரையில் காட்டுவது வீண். பிள்ளைகள் வெந்நீர் ஊற்றி, கலக்கிக்கொண்டே நிமிடத்துக்கு நிமிடம் அளவெடுக்கட்டும். ஒரு குழு மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரட்டும். இரண்டு வளைகோடுகளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவர்களே சண்டை போடுவார்கள். மென்பொருளில் அந்தச் சண்டைக்கு இடமில்லை.

கண்ணால் பார்க்க முடியாததற்குக் கணினியைக் கூப்பிடுங்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தில் 'கேஸ் ப்ராப்பர்ட்டீஸ்' என்றொரு பாவனைச் சோதனை இருக்கிறது. இலவசம். அதில் 'எக்ஸ்ப்ளோர்' திரையைத் திறந்து, பம்பை அழுத்திப் பெட்டிக்குள் மூலக்கூறுகளை நிரப்புங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு வகுப்பைக் கேளுங்கள்: "திரையிலுள்ள அடுப்பைத் தொடமாட்டேன், சுவரை மட்டும் உள்ளே தள்ளப்போகிறேன். வெப்பநிலை ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?" விடையை நோட்டில் எழுதிய பிறகே தள்ள வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுதாதவன் வெறும் வேடிக்கைதான் பார்ப்பான்.

தள்ளும்போது, நெருங்கி வரும் சுவரில் மோதிய மூலக்கூறு வந்ததைவிட வேகமாகத் திரும்புவதைக் காட்டுங்கள். வெப்பநிலைமானி ஏறும். வெப்பம் எதுவும் கொடுக்கவில்லை, வேலை மட்டும் செய்தோம், அக ஆற்றல் கூடியது. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுக்கு இதைவிட நல்ல விளக்கம் கரும்பலகையில் என்னால் தர முடிந்ததில்லை. ஒரு எச்சரிக்கை: 'ஐடியல்' என்ற முதல் திரையில் இதைச் செய்தால் ஏறாது. அங்கே சுவர் வாயுவின் மீது வேலை செய்யாதபடி அமைத்திருக்கிறார்கள். தெரியாமல் திறந்தால் வகுப்பு முன்னால் விழிக்க வேண்டியிருக்கும்.

திரையை அணைத்த கையோடு ஒரு சைக்கிள் பம்பை வகுப்பில் சுற்ற விடுங்கள். வாயை விரலால் அடைத்து நான்கைந்து முறை வேகமாக அடித்துவிட்டு, அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன். வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளின் கடத்துத்திறனை அளக்கும் லீஸ் டிஸ்க் சோதனையை வீட்டிலேயே பழகிப்பார்க்க வழி உண்டா?
- ஒரு மாணவர், கரூர்

பதில்: உண்டு. மத்திய அரசின் 'விர்ச்சுவல் லேப்ஸ்' திட்டத்தில் அமிர்தா பல்கலைக்கழகம் தயாரித்த வெப்பவியல் ஆய்வகத்தில் தேடுங்கள். கணக்கீட்டு முறை கைக்கு வந்துவிடும். நீராவிக் குழாயைக் கையாளும் பழக்கம் மட்டும் கல்லூரியில்தான் வரும், தம்பி.