ஐந்தடியில் உறங்குபவர்கள்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். சமூகநல இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவன். கடைவரிசை ஐந்தடியிலும் (கடைகளுக்கு முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) பஸ் நிலையத்திலும் படுத்திருப்பவர்களைப் பற்றிக் கேளுங்கள்.

கமலா: ஐயா, மருந்துக்கடை வாசலில் ஒரு பெரியவர் பல நாளாகப் படுத்திருக்கிறார். யாரிடம் சொல்வது?

15999, தாலியான் காசே என்னும் அரசின் உதவித் தொலைபேசி எண். மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் 999. அதற்கு முன் அவரிடமே பேசுங்கள்: சாப்பிட்டாரா, யாராவது அடிக்கிறார்களா, பணம் பிடுங்குகிறார்களா என்று கேளுங்கள். படம் எடுத்துப் பரப்ப வேண்டாம்.

முனியாண்டி: என் கடையில் சாப்பிடும் முன்னாள் ரப்பர் பால்வெட்டுக்காரர் ஐசியையும் (அடையாள அட்டை) வங்கி அட்டையையும் என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். உதவித்தொகை வந்ததும் சாப்பாட்டுக் கணக்கைக் கழித்து மீதியைக் கொடுக்கிறேன். தவறா?

தவறு. நீங்கள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கணக்கை எழுதுபவரும் நீங்கள், கழிப்பவரும் நீங்கள். அவர் எத்தனை வேளை சாப்பிட்டார் என்பதற்கு யார் சாட்சி? தோட்டம் கைமாறி லயத்தை (தொழிலாளர் குடியிருப்பு) விட்டு வந்தவருக்கு மிஞ்சியது அந்த ஐசிதான். அது கையில் இல்லாவிட்டால் மருத்துவமனைக் கவுண்டரிலேயே சிக்கல், உதவி மனுவும் நகராது, உங்களைப் பகைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போகவும் முடியாது. 1990ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிகளின்படி தக்க காரணமின்றிப் பிறர் ஐசியை வைத்திருப்பது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம். இன்றே திருப்பிக் கொடுங்கள். தொலைத்துவிடுவார் என்று பயந்தால், சட்டைக்குள் மாட்டிக்கொள்ள ஓர் உறை வாங்கிக் கொடுங்கள். ரகசிய எண்ணை மாற்ற அவருடன் வங்கிக்குப் போங்கள்.

ராணி: சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை) வைத்திருக்கும் பாட்டிக்குக் குடியுரிமை கிடைக்குமா?

என் துறை இல்லை, அம்மா. வழக்கறிஞரைப் பாருங்கள். பழைய சம்பளச் சீட்டைக்கூட எறிந்துவிடாதீர்கள்.

ராஜு: எங்கள் ஆள் குடித்துவிட்டு ஐசியைத் தொலைக்கிறார். நான் வாங்கி வைக்கலாமா?

முனியாண்டிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சாந்தி: மகன் அடித்து விரட்டிய அம்மா கோயில் மண்டபத்தில் இருக்கிறார்.

1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தாய்க்கும் பொருந்தும். சமூகநல அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். கோயில் தலைவர் சமரசம் பேசி இன்றிரவே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம்.

சேகர்: எல்லாரையும் லாரியில் ஏற்றி இல்லத்தில் விட்டால் ஊர் சுத்தமாகும். சட்டம் இல்லையா?

இருக்கிறது, 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம். கையேந்தாமல் சும்மா உட்கார்ந்திருப்பவரும், பிழைப்போ இருப்பிடமோ இல்லையென்றால், அதில் அடங்குவார். மாஜிஸ்திரேட் முதலில் ஒரு மாதம் வரை, அறிக்கை பார்த்தபின் மூன்று ஆண்டு வரை இல்லத்தில் இருக்க உத்தரவிடலாம். இதைத் துப்புரவு வேலை என்கிறீர்களே!

தவமணி: சேகர் அண்ணன் சொல்வதில் என்ன தப்பு? மழையில் கிடந்து சாவதைவிட மேல்.

தள்ளாத சிலருக்கு மேல்தான், தங்கச்சி. விரும்பிப் போய் நன்றாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தீபகற்ப மலேசியாவில் இவர்களுக்கான டேசா பினா டிரி என்னும் அரசு இல்லங்கள் இங்கிருந்து வெகு தொலைவில், மெர்சிங்கிலும் ஜெராண்டுட்டிலும் இருக்கின்றன. இங்கே கடன் சொன்னால் சோறு போடும் கடை இருக்கிறது, மாரியம்மன் கோயில் இருக்கிறது, பழைய லயத்து ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவரைக் கேட்காமலே இதிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவது பாதுகாப்பா?

சேகர்: அப்படியானால் என் கடை வாசல்?

விடியற்காலையில் தண்ணீர் ஊற்றி எழுப்புவது நீங்கள்தானா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

ஜெகன்: ஐசி வேண்டாம், வங்கி அட்டையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அடுத்த கேள்வியாவது வேறாக இருக்கட்டும்.