வடக்கு நோக்கிய பின்தோட்டம்: வீட்டை வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் வாங்க நினைக்கும் வீட்டின் அறைகளும் விலையும் எங்களுக்கு ஒத்துவருகின்றன. ஆனால் பின்தோட்டம் வடக்கு நோக்கி இருக்கிறது. தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு. தோட்டத்தின் நீளம் 12 மீட்டர். ஊர் 50 பாகை வட அட்சரேகையை ஒட்டி உள்ளது. அங்கே வெயிலே விழாது, பிற்காலத்தில் விற்பதும் கடினம் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். காய்கறி பயிரிடவும், மாலையில் வெளியே உட்காரவும், துணி உலர்த்தவும் எங்களுக்குத் தோட்டம் தேவை. வாங்கலாமா, விட்டுவிடலாமா?

பதில்: திசையை மட்டும் காரணமாக வைத்து இந்த வீட்டைக் கைவிட வேண்டியதில்லை. தோட்டம் வடக்கு நோக்கியது என்றால், நண்பகலில் சூரியனுக்கும் தோட்டத்துக்கும் நடுவே உங்கள் வீடு நிற்கிறது என்பதுதான் பொருள். அந்த வீடு எவ்வளவு உயரம், தோட்டம் எவ்வளவு நீளம், கிழக்கிலும் மேற்கிலும் என்ன இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தே எத்தனை மணி நேரம் வெயில் கிடைக்கும் என்பது தீர்மானமாகும். உங்கள் உறவினர்கள் சொல்வது குளிர்காலத்துக்குப் பெரும்பாலும் சரி. கோடைக்கு அது பொருந்தாது.

முதலில் திசையை நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டின் பின்சுவரில் முதுகு படும்படி நின்று தோட்டத்தைப் பார்க்கும்போது முகம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதுவே தோட்டத்தின் திசை. கைப்பேசியின் திசைகாட்டி அருகிலுள்ள இரும்பால் தடுமாறக்கூடும் என்பதால், வடக்கு மேலே இருக்கும்படி வைத்த வரைபடத்தில் வீட்டின் பின்சுவர்க் கோட்டைப் பார்ப்பது நம்பகமானது. விற்பவர் பொதுவாக ‘வடக்கு’ என்று சொல்லும் தோட்டம் உண்மையில் வடமேற்காக இருந்துவிட்டால் மாலை வெயில் கணிசமாகக் கூடும். வடகிழக்காக இருந்தால் அந்த ஆதாயம் காலைக்குப் போய்விடும். மாலையில் உட்கார விரும்பும் உங்களுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. (நான் இங்கே சொல்வதெல்லாம் வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளுக்கு உரியது. தென் அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில் வடக்கு நோக்கிய தோட்டமே வெயில் நிறைந்த தோட்டம். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் இந்தக் கவலைக்கே இடம் குறைவு.)

இனிக் கணக்குக்கு வருவோம். 50 பாகை வட அட்சரேகையில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து ஜூன் 21 அன்று 63 பாகை உயரத்திலும், பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாள்களில் 40 பாகை உயரத்திலும், டிசம்பர் 21 அன்று வெறும் 16.5 பாகை உயரத்திலும் நிற்கிறது. தரையிலிருந்து கூரை விளிம்பு வரை 6 மீட்டர் உயரமுள்ள பின்சுவர், இந்தக் கோணங்களின்படி, நண்பகலில் ஜூனில் 3 மீட்டரும், மார்ச்சிலும் செப்டம்பரிலும் 7 மீட்டருக்குச் சற்று அதிகமாகவும், டிசம்பரில் 20 மீட்டரும் நிழல் வீழ்த்தும். உங்கள் தோட்டம் 12 மீட்டர்தான் என்பதால் டிசம்பரில் அது முழுவதும் நிழலுக்குள் போய்விடும். இதில் பேரம் பேச இடமில்லை. கூரை சரிவாக எழும்பி நடுவில் உயர்ந்த முகடு இருந்தால், குளிர்காலத்தின் தாழ்ந்த சூரியனை மறைப்பது சுவரல்ல, அந்த முகடே. அப்போது நிழல் இன்னும் நீளும்.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். பின்சுவர் சரியாகக் கிழக்கு மேற்காக ஓடினால், மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகியவற்றை ஒட்டிய நாள்களில் அதன் நிழலின் விளிம்பு காலையிலிருந்து மாலை வரை ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். உங்கள் தோட்டத்தில் அந்தக் கோடு சுவரிலிருந்து 7 மீட்டரில் விழுகிறது. அதற்கு அப்பால் உள்ள கடைசி 5 மீட்டரை, மார்ச் இறுதி முதல் செப்டம்பர் இறுதி வரை, வீட்டின் நிழல் தொடுவதே இல்லை. செடிகள் வளரும் மாதங்களும் பெரும்பாலும் அவையே.

பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் இடைப்பட்ட காலத்தில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. வடகிழக்குப் பக்கம் ஒதுங்கி உதித்து, வடமேற்குப் பக்கம் ஒதுங்கி மறைகிறது. உங்கள் அட்சரேகையில் ஜூன் 21 அன்று உதயத்துக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றரை மணி நேரமும், மறைவுக்கு முன் ஏறத்தாழ மூன்றரை மணி நேரமும் சூரியன் வீட்டின் வடபுறத்திலேயே இருக்கும். அதாவது, அந்நேரத்தில் உங்கள் பின்சுவரின் மீதே வெயில் படும். கோடை மாலையில் தேநீரோடு தோட்டத்தில் உட்காருவதுதான் உங்கள் ஆசை என்றால், தெற்கு நோக்கிய தோட்டம் வைத்திருப்பவரைவிட நீங்கள் எந்த வகையிலும் குறைந்துபோகவில்லை. அவருடைய பின்சுவர் அந்நேரம் நிழலில் இருக்கும்.

அதனால்தான் வடக்குத் தோட்டத்தில் பக்கத்து மனைகளை நான் மிகவும் கவனித்துப் பார்க்கச் சொல்கிறேன். ஜூனில் சூரியன் நேர் மேற்கைக் கடக்கும்போது அதன் உயரம் சுமார் 31 பாகை; பிறகு கீழே இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் உட்காரும் இடத்துக்கு மேற்கே 16 மீட்டருக்குள் 10 மீட்டர் உயர மரமோ வீடோ இருந்தால், நான் மேலே சொன்ன மாலை வெயிலில் பெரும்பகுதி கைக்கு வராது. மாறாக, தோட்டத்தின் வட எல்லையில் எவ்வளவு உயரமான மரம் இருந்தாலும் அதன் நிழல் பகலில் பெரும்பாலும் பின்மனைக்குத்தான் போகும். அதைப் பார்த்து அஞ்சவேண்டாம். மேற்கில் காலிமனை இருந்தால் மகிழ்ந்துவிடாமல், அங்கே கட்டடம் எழுப்ப அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வீட்டை மறுபடி பார்க்கப் போகும்போது ஓர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் சாய்கோணம் காட்டும் மட்டம் இருந்தால் போதும். நீங்கள் நாற்காலி போட விரும்பும் இடத்தில் நின்று, கைப்பேசியின் நீண்ட விளிம்பைக் கண்ணருகே வைத்து, அந்த விளிம்பின் நேர்கோட்டில் கூரையின் மிக உயர்ந்த பகுதி தெரியும்வரை சாய்த்து, திரையில் காட்டும் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, 12 மீட்டர் தள்ளி நின்று 6 மீட்டர் உயர விளிம்பைப் பார்த்தால், கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதால், கோணம் 21 பாகை அளவில் வரும். நண்பகல் சூரியன் இதைவிடத் தாழ்ந்திருப்பது நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து ஜனவரி நான்காம் வாரம் வரைதான். அந்த இரண்டு மாதங்கள் உங்கள் முகத்தில் வெயில் படாது. அதே இடத்தில் தரையோடு இருக்கும் செடிக்குக் கோணம் 27 பாகைக்கு அருகில் வரும். அதற்கு அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை நண்பகல் வெயில் இல்லை. இப்படி மூன்று நான்கு இடங்களில் அளந்துவிட்டால், எந்த மாதத்தில் எந்த இடம் வெயிலில் இருக்கும் என்பது உங்கள் கையிலேயே இருக்கும். ஜூன் மாதத்தில் வீட்டைப் பார்த்து மயங்குபவரும், டிசம்பரில் பார்த்து மனம் தளர்பவரும் இதைச் செய்யாதவர்களே.

நிலத்தின் சரிவையும் விட்டுவிடக் கூடாது. வீட்டிலிருந்து வடக்கே போகப் போகத் தரை 5 பாகை அளவில் உயர்ந்தால் டிசம்பர் நிழல் 20 மீட்டரிலிருந்து 16 மீட்டருக்குக் குறையும்; அதே அளவு தாழ்ந்தால் 28 மீட்டரைத் தாண்டும். வீடு தனித்து நின்றால் பக்கச் சந்துகளின் வழியாகவும் சிறிது வெயில் நுழையும். தொடர்வரிசை வீடானால் அந்தச் சலுகை இல்லை.

காய்கறிகளைப் பொறுத்தவரை, தக்காளி, மிளகாய், கத்தரி போன்றவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயிலாவது வேண்டும். அவற்றைத் தோட்டத்தின் கடைசி 5 மீட்டரில் மட்டும் வையுங்கள். பசலை, லெட்டூஸ், பார்ஸ்லி, புதினா முதலியவை மூன்று நான்கு மணி நேர வெயிலோடு நடுப்பகுதியில் நன்றாகவே வரும். கொத்தமல்லியோ கடும் வெயிலில் விரைந்து பூத்துவிடும் என்பதால் அரைநிழல் அதற்கு நன்மையே. நிழலிலிருக்கும் மண் வசந்தத்தில் மெதுவாகவே சூடேறும். ஆகவே விதைப்பைச் சற்றுத் தள்ளிப்போடவேண்டும். ஈரத்தை நாடி வரும் நத்தைகளோடு ஓயாத போராட்டமும் இருக்கும். வீட்டுச் சுவரை ஒட்டிய பகுதியைப் பெரணிகள், ஹோஸ்ட்டா, படர் ஹைட்ராஞ்சியா ஆகியவற்றுக்கு விட்டுவிடுங்கள். பழம் வேண்டுமென்றால், வடக்குச் சுவரில் படரவிட்டு வளர்க்க ஏற்றது என்று தோட்டக்காரர்கள் நெடுங்காலமாக நம்பும் மொரெல்லோ என்ற புளிப்புச் செர்ரி உண்டு.

துணி உலர்வது வெயிலைவிடக் காற்றையும் காற்றின் ஈரப்பதத்தையும் நம்பியிருக்கிறது. கொடியைத் தோட்டத்தின் கடைக்கோடியில் கட்டினால் கோடை முழுவதும் குறையிருக்காது. குளிர்காலத்தில் எந்தத் திசைத் தோட்டமானாலும் துணி சரியாக உலராது.

உண்மையில் என்னைக் கவலைப்படுத்துவது வெயிலைவிட ஈரம். செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை நேரடி வெயிலே படாத சுவர் அது. மழைநீர்க் குழாயில் ஒரு சிறு ஒழுக்கு இருந்தாலும் சுவர் மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கும். குழாய் இறங்கும் இடங்களில் பச்சைக் கறை இருக்கிறதா, கல் பாவிய தளத்தில் பாசி வழுக்குகிறதா, வேலிக் கம்பங்கள் தரைமட்டத்தில் உளுத்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். வீட்டுக்குள், வடபுறச் சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியைச் சற்று நகர்த்திக்காட்டச் சொல்லுங்கள். பின்னால் பூஞ்சணம் இருந்தால், அல்லது அந்தச் சுவருக்கு மட்டும் புதுச் சாயம் பூசியிருந்தால், கட்டட ஆய்வாளரிடம் அந்தச் சுவரைத் தனியாகப் பார்க்கச் சொல்லவேண்டும். வெளியே மரத்தளம் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான கல் பதிப்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிழலில் உறைபனி நீண்ட நேரம் கரையாமல் கிடக்கும்.

அறைகளின் பக்கம் ஆதாயமும் உண்டு. பின்தோட்டம் வடக்கு என்றால் முன்னறைகளுக்குத் தெற்கு வெயில் கிடைக்கிறது. கூரையின் தெற்குச் சரிவு சூரியத் தகடுகளுக்கு உகந்தது. பின்னறைகள் கோடையில் புழுங்காது. கண்ணைக் கூசவைக்காத சீரான வெளிச்சம் எழுதுமேசைக்கும் ஓவியத்துக்கும் மிகவும் பொருத்தம். ஆனால் வடசுவர் முழுவதையும் கண்ணாடியாக்கும் திட்டம் இருந்தால் யோசியுங்கள். குளிர்காலத்தில் அந்தக் கண்ணாடி வழியே வெப்பம் வெளியேறுமே தவிர, வெயில் உள்ளே வராது. பின்பக்கம் இழுத்துக் கட்டும் எண்ணமிருந்தால், தரைத்தளம் மட்டும் 3 மீட்டர் நீட்டுவதால் குளிர்கால நிழல் கூடாது, ஏனெனில் அந்தத் தாழ்ந்த கூரை ஏற்கெனவே பெரிய வீட்டின் நிழலுக்குள்தான் இருக்கிறது. கோடையில் மட்டும் ஒன்றரை மீட்டர் கூடும். மாடியையும் சேர்த்து நீட்டினால் நிழல் முழுவதும் 3 மீட்டர் வடக்கே நகர்ந்து, உங்கள் கடைசி 5 மீட்டரில் பாதிக்கும் மேலானதை விழுங்கிவிடும். பக்கத்து வீட்டார் அவ்வாறு கட்டினாலும் பாதிப்பு உண்டு.

விலையைப் பொறுத்தவரை, வடக்குத் தோட்டம் என்பதைச் சொல்லிக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இன்று நீங்கள் கேட்கும் அதே தள்ளுபடியை நாளை உங்களிடம் வாங்குபவரும் கேட்பார்; ஆகவே குறைத்து வாங்கியதை லாபம் என்று எண்ணாமல், விற்கும்போது திருப்பித் தரவேண்டிய தொகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்கவே முடியாது என்பது மிகை.

உங்களுக்கு என் முடிவு இது. மேற்குப் பக்கம் திறந்திருந்து, வடசுவர் உலர்ந்திருந்தால் வாங்குங்கள். கடைசி 5 மீட்டரில் காய்கறிப் பாத்தியையும் உட்காரும் தளத்தையும் அமைத்து, மழைக்காலத்திலும் நடந்துபோகக் கூடிய கல்பாதையை வீட்டிலிருந்து அதுவரை போடுங்கள். மேற்கில் 10 மீட்டர் உயரத்துக்கு ஏதேனும் நெருங்கி நின்றால், மாலையில் வெளியே உட்காரும் ஆசை நிறைவேறாது. அந்த ஆசைதான் உங்களுக்கு முதன்மை என்றால் வேறு வீடு பாருங்கள்.